கோயம்புத்தூருக்குப் போன புடலை விதை

அந்தப் புடலங்காய் தம்பியை விட நீளம். அவன் அதன் பக்கத்தில் விறைப்பாக நின்றான். காய் பந்தலிலிருந்து இறங்கி, அவன் தலையைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, செருப்பில் போய் முட்டியது. பக்கத்து ரூம்காரன் போட்டோ எடுத்தான். எல்லாம் அந்த போட்டோவில்தான் ஆரம்பித்தது.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. வடக்குப்பட்டுப் பக்கம் நாங்கள் பார்த்துக்கொண்ட வரிசை ரூம்களில் ஒன்றில் குடியிருந்தான். ஓனர் மெட்ராஸில் இருந்தார். வாடகை வாங்குவது, மோட்டார் போடுவது, தண்ணீர்ச் சண்டை விலக்குவது என் வேலை. எங்கள் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. ரூம்களுக்குப் பின்னால் கொஞ்சம் மண் சும்மா கிடந்தது. புடலை போட்டேன். பிஞ்சின் நுனியில் கல் கட்டினால் காய் சுருளாமல் நேராக இறங்கும். அந்த வருஷம் தம்பி கல்லுக்குப் பதில் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு போல்ட்டைக் கட்டிவிட்டான். காய் நிற்கவே இல்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

மாடியில் பை வைத்துச் செடி வளர்ப்பது அப்போதுதான் பரவிய சமயம். 2014 இருக்கும். அதற்கென்று பேஸ்புக்கில் ஒரு குழு. தம்பி போட்டோவை அதில் போட்டான். மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவன் என் வாசலில் நின்றான்.

“யக்கா, ஒங்க புடலைக்கு வெத கேக்காவ. ஒருத்தர் ரெண்டு பேருன்னு நெனைக்காதிய.”

பஸ் ஆரன் அடித்தது. ஓடிவிட்டான். நான் துடைப்பத்தோடு நின்றேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். யாராவது விதை கேட்டால் கொடுப்பேன். விற்றதில்லை. தம்பி விலை வைத்தான். எனக்கு பேங்க் கணக்கு கிடையாது. அதற்கும் அவனே வழி சொன்னான். வாங்குகிறவர்கள் என் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுவிட வேண்டும். போட்டார்கள். என் பட்டன் போன் நாள் முழுவதும் கத்தியது. அதில் அவ்வளவு பேலன்ஸ் ஏறியது. கூப்பிட எனக்கு ஆள் இல்லை. ரூம் பிள்ளைகள் ஊருக்குப் பேச என் போனை வாங்கிப் போவார்கள். பேசிவிட்டுக் கையில் காசு கொடுப்பார்கள். விதை ரீசார்ஜ் ஆகி, ரீசார்ஜ் பேச்சாகி, பேச்சு காசானது. எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தக் காசு தபாலுக்கு வேண்டும். அங்கேதான் இடித்தது.

கூட்ரோட்டில் கூரியர் கடை இருந்தது. போய்க் கேட்டேன். அவர் சொன்ன காசுக்கு என் விதையே இரண்டு பொட்டலம் வாங்கலாம். விதை காற்று மாதிரி இருக்கும், எடையே இல்லை என்றேன். எடை இல்லாவிட்டாலும் மினிமம் இருக்கிறது என்றார். திரும்பி வந்தேன். சாதாரணக் கவரில் ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போட்டேன். மலிவு.

முதல் போட்டோ வந்தது. வாங்கினவர் உள்ளங்கையில் பழுப்பாக மாவு. இதை விதைப்பதா, இட்லிக்குத் தொட்டுக்கொள்வதா என்று கேட்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. தபால் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா ஒரு கட்டுக் கவர்களை முன்னால் வைத்து, முத்திரைக் கட்டையால் டொக் டொக்கென்று குத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் மேஜை அதிர்ந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். ஸ்டாம்பு மேல் மூலையில்தான் இருக்கும், விதையைக் கீழ் மூலையில் வைத்து நடுவில் ஒரு தையல் போட்டுவிடு, நகராது என்றார். அப்படியே செய்தேன். கவரில் தையல் போட்டு அனுப்பிய ஆள் அந்த ஆபீசிலேயே நான் ஒருத்திதான்.

அதன் பிறகு விதை முழுசாகப் போனது. குழுவில் முளை விட்ட போட்டோக்கள் வர ஆரம்பித்தன. தினமும் சாயங்காலம் தம்பி போனை என் முகத்துக்கு நேரே பிடிப்பான். யார் யார் மாடியிலோ என் புடலை இரண்டு இலை விட்டு நிற்கும். பெங்களூரில் கூட நின்றது.

பிறகு கோயம்புத்தூர்க்காரர் எழுதினார். ரீசார்ஜ் போட்டு நாளாகிறது, விதை வரவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று. குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினார்.

நான் அனுப்பியிருந்தேன். தையல் போட்டதே ஞாபகம் இருக்கிறது. ஆனால் பெட்டியில் போட்ட கவருக்கு என்ன சாட்சி? குழுவை நடத்தியது மெட்ராஸில் ஓர் அம்மா. கண்டிப்பானவர். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. காசு வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பாதவர்களின் பெயரையும் போன் நம்பரையும் குழுவின் மேலே எழுதி வைத்து வெளியே அனுப்பிவிடுவார். எனக்கு ஒரு வாரம் கொடுத்தார். ஒன்று விதை போய்ச் சேர வேண்டும், இல்லை அனுப்பியதற்கு அத்தாட்சி வேண்டும்.

விதை விற்காவிட்டால் எனக்குச் சோறு இல்லாமல் போகாது. ஆனால் ஊர் ஊராக என் பெயரைப் போட்டு ஏமாற்றுக்காரி என்று எழுதி வைப்பதா. இத்தனை ரூம் வாடகை என் கை வழியாகப் போகிறது. யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

கவுண்டர் அம்மாவிடம் போனேன். அவர் யோசிக்கவில்லை.

“ரிஜிஸ்தர்ல போடும்மா. லெட்டர்தானே இது. சாதாக் கவரை விடக் கூட ஆகும், கூரியர் மாதிரி ஆகாது. ஒரு நம்பர் தருவேன். அதைப் போன்ல தட்டினா கவர் எங்க இருக்குன்னு காட்டும்.”

கவருக்கு நம்பர். நம்பரைத் தட்டினால் இடம். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் குதித்தான். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படித்தான் யக்கா, விலாசத்தை நான் எழுதுகிறேன் என்றான். அவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். புதுப் பொட்டலம் கட்டினேன். தையல் போட்டேன். அன்று அவனுக்கு லீவு. அவனே தபால் ஆபீசுக்கும் வந்தான். வரிசை வாசல் வரை நின்றது. கவுண்டர் அம்மா நிமிராமல் ஊர் கேட்டார், பின்கோடு கேட்டார், தம்பி சொன்னான், அவர் தட்டினார். எங்கள் கவரை மட்டும் மெல்லமாகக் குத்தினார். சின்ன ரசீது வந்தது. அதில் இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக நீளமாக ஒன்று.

தம்பி அந்த நம்பரைக் குழுவில் போட்டுவிட்டான். இதோ அத்தாட்சி, எல்லாரும் பாருங்கள் என்று.

பார்த்தார்கள். குழுவும் பார்த்தது, எங்கள் ரூம்களும் பார்த்தன.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உதடு தானாக விரிகிறது. கவர் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் யாரோ செங்கல் துண்டால் எழுதி வைத்தார்கள்: புடலை, மெட்ராஸ் போகிறது. காலை ஷிப்டு பஸ் வந்து நின்றதும் இறங்குகிறவர்கள் டிபன் பையைக் கூட வைக்காமல் சுவரைப் பார்த்தார்கள். நைட் ஷிப்டு முடித்துத் தூங்க வேண்டியவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எங்கே போச்சு என்று கேட்பான். ஒருவன் டீ பந்தயம் கட்டினான், வெள்ளிக்கிழமைக்குள் போகாது என்று. இன்னொருவன் போகும் என்றான். என்னோடு தண்ணீருக்குச் சண்டை போட்ட மூன்றாம் ரூம்காரன், பகையை மறந்து, அக்கா கவர் மெட்ராஸில் பைக்குள் ஏறிவிட்டது என்று சேதி சொன்னான். நானும் பார்த்தேன். கோலம் போட வெளியே வந்தால் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். ஒரு கடிதாசி எங்கெங்கே இறங்கி ஏறுகிறது என்று வேலைவெட்டி விட்டுப் பார்ப்பதில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று யார் கண்டது.

ஒரு நாள் மதியம் தம்பி ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போதே போன் செய்தான். டெலிவரி ஆகிவிட்டது.

ரூம்களில் இருந்தவர்கள் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து மேளம் அடித்தார்கள். பந்தயத்தில் தோற்றவன் எல்லாருக்கும் டீ வாங்கினான். எனக்கும் ஒன்று வந்தது. குழு நடத்தும் அம்மா, பொறுப்பாக அனுப்பியதற்கு நன்றி என்று எழுதினார். என் பெயர் பிழைத்தது.

கோயம்புத்தூர்க்காரர் மட்டும் ஒரு வரி எழுதினார்.

“எனக்கு இன்னும் வரலைங்க.”

குழு அவர் மேல் பாய்ந்தது. அரசாங்கத் தபால் போய்ச் சேர்ந்தது என்கிறது, நீங்கள் வரவில்லை என்கிறீர்களா என்று ஒருவர். விதையை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு பொட்டலம் கேட்கிறார் என்று ஒருவர். ஓர் ஏழைப் பெண்ணை இப்படிச் செய்யலாமா என்று ஒருவர். அந்த ஏழைப் பெண் நான்தான். தம்பி படிக்கப் படிக்க ரூம்காரர்கள் கை தட்டினார்கள். அவர் மறுபடி மறுபடி அதையே எழுதினார். வரலைங்க. குழு நடத்தும் அம்மா இப்போது அவருக்கு ஒரு வாரம் கொடுத்தார்.

நான் கை தட்டவில்லை. பொய் சொல்கிறவன் நீட்டிச் சொல்வான். இவர் ஒரே வரியைத்தான் சொல்கிறார்.

“தம்பி, அந்த நம்பர இன்னொரு வாட்டி தட்டு. இன்னா போட்டுகீதோ எல்லாம் படி.”

அவன் படித்தான். எங்கள் ஆபீஸ், மெட்ராஸ், பை கட்டியது, பை பிரித்தது. கடைசி வரியில் நிறுத்தினான். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

“யக்கா, டெலிவரின்னு போட்ருக்க ஆபீசு நம்ம ஆபீசுல்லா.”

கவர் மெட்ராஸ் வரை போய், திரும்பி, எங்கள் ஊரிலேயே யாருக்கோ கிடைத்திருக்கிறது. மேளம் அடித்த கேனை யாரோ எடுத்து நிமிர்த்தி வைத்தார்கள்.

மறுநாள் தபால்காரரை வழியில் பிடித்தேன். அவர் சைக்கிளை நிறுத்தி என்னை விநோதமாகப் பார்த்தார். உன் பெயருக்கு வந்த ரிஜிஸ்தர்தானே, கம்பெனி கேட்டிலேயே உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாரே என்றார். உன் விலாசம்தான் கவரில் கொட்டை எழுத்தில் இருந்தது என்றும் சொன்னார்.

தம்பியைக் கூப்பிட்டேன். விலாசத்தை எப்படி எழுதினாய் என்று கேட்டேன். ஸ்டோர்ஸில் பெட்டிக்கு எழுதுகிற மாதிரிதான் என்றான். அவர்கள் கம்பெனியில் பார்ட்ஸ் போகிற பிளாஸ்டிக் பெட்டிகள் காலியாகி மறுபடி வந்து சேர வேண்டும். அதனால் போகிற இடத்தை மூலையில் சின்னதாகவும், திரும்பி வர வேண்டிய இடத்தை நடுவில் பெரிதாகவும் எழுதுவார்களாம்.

“பெட்டி திரும்பி வரணும்லா யக்கா,” என்றான். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவன் எழுதியபடியேதான் நடந்திருந்தது. பெட்டி திரும்பி வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றினார். எனக்குத் தபால் வந்ததா என்று கேட்டேன்.

“ஒனக்கா? ஒனக்கு யாரு மே தபால் போடப் போறா?”

“தபால்காரர் ஒன் கையில குட்த்தேன்றாரே.”

யோசித்தார். கம்பெனித் தபால் கட்டோடு ஒரு ரிஜிஸ்தரும் வந்தது, கையெழுத்து போட்டேன் என்றார். தபால்காரர் என்னவோ சொல்ல வந்தார், அதற்குள் ரெண்டு ட்ரெய்லர் ஒன்றாகக் கேட்டில் நின்று ஆரன் அடித்தன என்றார். கட்டோடு வாங்கி, என்ட்ரி போட்டு, உள்ளே ஆபீசுக்கு அனுப்பிவிட்டாராம்.

“பேரு பாக்கலையாய்யா?”

“கேட்ல பேரு பாக்கறது இல்ல. எத்தினின்னுதான் பாப்போம்.”

மறுநாள் அவர் கவரோடு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கவர் உள்ளே போய், ஆபீசைச் சுற்றி, மறுபடி கேட்டுக்கே வந்திருந்தது. அதையும் இவரே என்ட்ரி போட்டு வாங்கி, ஆள் தெரியாத தபால் வைக்கும் தட்டில் வைத்திருந்தார். தினமும் அந்தத் தட்டுக்குக் கீழேதான் அவர் சாப்பாட்டுப் பை தொங்கும். கவரில் என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் அழகாக எழுதியிருந்தது: இப்படி ஒருவர் இங்கு இல்லை.

நான் அதைப் படித்தேன். அவரைப் பார்த்தேன்.

“இத்தினி வருசமா ஒனக்குச் சோறு கட்டி அனுப்பறது யாருய்யா?”

மூன்றாம் ரூம்காரன் வாசல் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எங்கள் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். பிறகு நான்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டான்.

“யக்கா, இத வெளிய சொல்லாண்டாம். ஒங்க பேரு நல்லாத்தான இருக்கு. அந்தாளப் பத்தி நமக்கென்ன? வேற கவர்ல சத்தமில்லாம அனுப்பிருவோம்.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அனுப்பியது நிஜம். ரசீது இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூர்க்காரருக்குக் கொடுத்த வாரம் முடியப்போகிறது. மேலே எழுதப்போவது அவர் பெயரை. வரலைங்க என்று ஒரே வரியைச் சொன்ன ஆள்.

“போட்டோ எடு,” என்றேன்.

“எதையக்கா?”

“கவர. அந்தப் பென்சில் எழுத்தும் தெரியணும்.”

எடுத்தான். நான் சொல்லச் சொல்ல எழுதினான். கோயம்புத்தூர்க்காரர் பொய் சொல்லவில்லை. விலாசம் மாறிப்போனது. கவர் எங்கள் வீட்டுக்காரரிடமே வந்தது. அவர் வேலை பார்க்கும் இடத்தில் என்னை யாருக்கும் தெரியவில்லை. என் பெயரை மேலே எழுதுவதானால் எழுதுங்கள். அவ்வளவுதான் சொன்னேன். அனுப்பிவிட்டுத் தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான்.

பிறகு போன் அதிர ஆரம்பித்தது. அதிர்ந்துகொண்டே திண்டில் நகர்ந்து விளிம்பு வரை போய்விட்டது, தம்பி பாய்ந்து பிடித்தான். குழு மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது. பாய்ந்தவர்கள் வரிசையாக வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். குழு நடத்தும் கண்டிப்பான அம்மா என் பெயரை மேலே எழுதத்தான் செய்தார். தம்பி படித்துக் காட்டினான்: “இனி இவரைப் பற்றிப் புகார் வந்தால் முதலில் அவர் வீட்டுக்காரரின் கேட்டில் தேடவும்.”

கோயம்புத்தூர்க்காரர் கடைசியாக எழுதினார்.

“வேற கவர் வேண்டாங்க. அதையே அனுப்புங்க. பென்சில் எழுத்தோட வேணும்.”

பழைய கவரைப் புதுக் கவருக்குள் வைத்தேன். இந்தத் தடவை நடுவில் அவர் விலாசத்தை நானே எழுதினேன். எழுத்து கோணல்தான், ஆனால் பெரிது. எங்கள் விலாசம் மூலையில் எறும்பு மாதிரி. கவுண்டர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது பின்னால் நின்ற வரிசையும் சேர்ந்து சிரித்தது. சுவரில் மறுபடி செங்கல் எழுத்து. மெட்ராஸ். சேலம். கோயம்புத்தூர். டெலிவரி என்று காட்டியபோது யாரும் கேனைத் தொடவில்லை. அவர் விதையைக் கையில் வைத்துப் போட்டோ போட்ட பிறகுதான் தொட்டார்கள். அன்று கேன் ஒன்று உடைந்தது.

அதன் பிறகு எல்லாருக்கும் ரிஜிஸ்தர்தான். தபால் செலவைச் சேர்த்துத்தான் விலை சொன்னேன். யாரும் முணுமுணுக்கவில்லை. நம்பர் கொடுத்தால் அவர்களும் தினமும் தட்டித் தட்டிப் பார்ப்பார்களாம். விதை முளைப்பதை விட அது வருவதைப் பார்ப்பது ஜாலி என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

மழைக்கு முன்னால் கோயம்புத்தூர்க்காரரிடமிருந்து ஒரு நம்பர் வந்தது. தன் வீட்டு அவரை விதை, எனக்கு, ரிஜிஸ்தரில். காசு வேண்டாங்க என்றிருந்தார். அது கிளம்பியது, சேலம் தாண்டியது, மெட்ராஸ் வந்தது. சுவரில் இப்போது அம்புக்குறி இந்தப் பக்கம். ஒரு சாயங்காலம் தம்பி நம்பரைத் தட்டினான்.

“டெலிவரி ஆயிட்டுக்கா. நம்ம ஆபீசுதான்.”

என் கையில் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து சந்துக்குள் திரும்பினார். ரூம் வாசல்களில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். அவர் பக்கத்தில் வந்து, செக்யூரிட்டித் தொப்பியைக் கழற்றித் தலைகீழாக என்னிடம் நீட்டினார். உள்ளே கவர், வேர்வையில் லேசாக நனைந்து.

“பேரு பாத்துட்டேன் மே,” என்றார்.